நாற்பது மிடறு

எங்கள் பால் கம்பெனியில் எனக்குப் பெயர் 'நாக்கு'. "நாக்கு வந்தாச்சா?", "நாக்கு என்ன சொல்லுது?" என்றுதான் கேட்பார்கள். அந்த நாக்கைச் சுமந்துகொண்டு ஒரு பொம்பளையும் சேர்ந்து வருகிறாள் என்பது யாருக்கும் நினைவிருக்காது. பத்தொன்பது வருடத்தில் எனக்கே பழகிவிட்டது.

வேலை இதுதான். சூடாக்கிக் குளிரவைத்த பால் காலை ஐந்தரை மணியிலிருந்து ஒவ்வொரு தொட்டியாக நிரம்பும். தொட்டிக்கு ஒரு சின்ன கப் என் மேஜைக்கு வரும். முகர்ந்து பார்த்து, ஒரு மிடறு வாயில் வைத்து, 'போகலாம்' என்றோ 'நிறுத்து' என்றோ சொல்ல வேண்டும். கொழுப்பையும் புளிப்பையும் மெஷின் அளந்துவிடும். ஆனால் தீய்ந்த வாசனை, இரும்பு வாசனை, வெளிச்சம் பட்ட பாலில் வரும் நனைந்த அட்டை வாசனை, இதெல்லாம் மெஷினுக்குப் பிடிபடாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். பத்து மணிக்குள் நாற்பது கப் முடிந்துவிடும்.

மற்ற இடங்களில் ருசி பார்ப்பவர்கள் பக்கத்தில் வாளி வைத்துத் துப்பிவிடுவார்கள். நான் துப்ப மாட்டேன். பால் தொண்டைக்குள் இறங்கி இரண்டு மூச்சு விட்ட பிறகு அடியிலிருந்து ஒரு வாசனை எழும்பும். கெட்ட பால் அங்கேதான் மாட்டும். துப்புகிறவர்களுக்கு அது கிடைக்காது. இதைச் சொல்லிச் சொல்லியே நான் கொஞ்சம் தலைக்கனம் பிடித்துத் திரிந்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தக் களைப்பு வந்தது. ராத்திரி ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்தாலும் யாரோ அடித்துப் போட்டது மாதிரி இருக்கும். லேபுக்குப் போகப் பதினெட்டுப் படி. பத்தாவது படியில் நின்று, செருப்பைச் சரிசெய்வது போல நடிப்பேன். எல்லோரும் மின்விசிறியைப் போடச் சொல்லும்போது நான் ஸ்வெட்டரைத் தேடுவேன். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. குரல் கட்டிப்போய், போனில் பேசினால் "சார், யார் பேசறது?" என்று கேட்டார்கள். எதைச் சாப்பிட்டேன், எதைச் சாப்பிடவில்லை என்று தெரியாமலே உடம்பு ஒன்பது கிலோ ஏறியது.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு சுரப்பது குறைவு என்று டாக்டரம்மா சொன்னார். கழுத்தில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி சோம்பேறித்தனம் பண்ணினால் மொத்த ஆளும் சோம்பேறி ஆகிவிடுவாளாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி, சாப்பாடு எதுவும் கூடாது.

அதை நான் விரதம் மாதிரி கடைப்பிடித்தேன். ஐந்து மணிக்கு எழுந்ததும் மாத்திரை. ஐந்தே காலுக்குக் கம்பெனி வண்டி. பத்து மணிக்கு வேலை முடிந்த பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன். இப்படி ஒரு நோயாளி கிடைக்க எந்த டாக்டரும் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு நினைப்பு.

ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் வரும் அந்தத் தைராய்டு எண் இறங்கவில்லை. நான்குக்குக் கீழே இருக்க வேண்டியது பதினான்கில் நின்றது. டாக்டரம்மா மாத்திரையின் அளவை ஐம்பது மைக்ரோகிராமிலிருந்து எழுபத்தைந்து ஆக்கினார், பிறகு நூறு, பிறகு நூற்றி இருபத்தைந்து. ஒவ்வொரு தடவையும் அதே கேள்விகள்.

"மாத்திரைய விட்டுட்டீங்களா?"

"ஒரு நாள்கூட விடல டாக்டர்."

"மாத்திரை போட்ட உடனே ஏதாவது சாப்பிடுவீங்களா?"

"பத்து மணி வரைக்கும் பச்சைத் தண்ணிதான்."

"பால், காபி?"

"பாலைக் கண்டாலே எனக்கு ஆகாது டாக்டர். வீட்டுல தொடவே மாட்டேன்."

சத்தியமான பதில். நாள் முழுக்க அதிலேயே கிடப்பவள் வீட்டுக்கு வந்தும் அதையா குடிப்பாள்? அவர் என் தொழில் என்று எழுதிய இடத்தில் 'பால் கம்பெனி' என்று மட்டும் இருந்தது. பொட்டலம் போடுகிறவள் என்று நினைத்திருப்பார். நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மாத்திரை வேலை செய்யாத வீட்டில் நாத்தனார் வேலை செய்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருக்கிறாள். கையில் போன் இருப்பதால் எல்லா வியாதிக்கும் அவளிடம் பதில் உண்டு.

"அண்ணி, முட்டைக்கோஸ் கூடாது. காலிஃபிளவர் கூடவே கூடாது. சோயா விஷம். கோதுமைய இன்னையோட நிறுத்துங்க."

"அப்ப எதைத்தான் திங்கறது?"

"அதையும் பாத்து அனுப்பறேன்."

அனுப்பினாள். ஒரு வாரம் விதை, மறு வாரம் ஏதோ பச்சைச் சாறு, அதற்கடுத்த வாரம் சாயங்காலம் ஐயாயிரம் அடி நடை. நடந்தேன். ஐயாயிரம் அடி நடந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கினேன். அலமாரியிலிருந்து ஒவ்வொரு டப்பாவாகக் காணாமல் போனது. எனக்கு எதிர்த்துப் பேசவும் தெம்பில்லை. எதிர்த்துப் பேசத் தெம்பில்லாதவளுக்கு ஆலோசனை சொல்ல ஊரே திரண்டு வரும். உடம்பைக் குறை, மனசை லேசாக வை, சிரித்துப் பழகு என்றார்கள். நான் என்னமோ வேண்டுமென்றே களைத்துக் கிடப்பது மாதிரி.

வீட்டில் சமையல் என் வீட்டுக்காரர்தான். பள்ளி பஸ் ஓட்டுகிறார். காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவில் நேரம் இருப்பதால் சமைத்து வைத்துவிடுவார். தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, "எப்படி இருக்கு?" என்பார். "நல்லாருக்கு" என்பேன். அதற்கு மேல் பேச எனக்குத் தாடை ஒத்துழைக்காது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், மரியாதையான பிள்ளை. அன்று அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, சனிக்கிழமை போன பால்ல முந்நூறு பெட்டி திரும்பி வந்துருச்சு. அட்டை நாத்தம்னு கடைக்காரங்க எல்லாம் போன் பண்றாங்க."

திரும்பி வந்த பாலில் ஒரு கப் கொண்டுவரச் சொல்லிக் குடித்துப் பார்த்தேன். தொண்டைக்குள் இறங்கியது. இரண்டு மூச்சு விட்டேன். எதுவும் எழும்பவில்லை. மூன்றாவது மூச்சும் விட்டேன். வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது.

"தெரியுதாக்கா?"

"லேசா" என்றேன். பொய்.

மேனேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். மேலிடத்தில் கேட்கிறார்களாம். வெள்ளிக்கிழமை எட்டு கப் வைப்பார்களாம், எது நல்லது எது கெட்டது என்று எழுதியிருக்காது. அதில் ஆறையாவது சரியாகச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் பெட்டி கழுவும் பகுதிக்கு மாற்றிவிடுவார்கள். "உங்களுக்கு இதெல்லாம் தூசுக்கா" என்று சொல்லி அவரே சிரித்தும் வைத்தார்.

வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது என்னால் கையைத் தூக்க முடியவில்லை. நடந்ததை அவரிடம் சொன்னேன். நாக்கு செத்துவிட்டது என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. அவர் ஆறுதல் சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்தார், மூடினார், திரும்பி வந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"எட்டு மாசமிருக்கும். ஒரு நாள் சூப்புல உப்புப் போட மறந்துட்டேன். நீ நல்லாருக்குன்னு சொல்லிச் சாப்பிட்ட. சரி, களைப்புல சொல்றன்னு நெனச்சேன். மறுவாரம் வேணும்னே போடாம வச்சேன். அன்னைக்கும் நல்லாருக்குன்ன."

"அப்பவே ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஊரே உன்னை நாக்குன்னு கூப்பிடுது. அது போயிடுச்சுன்னு நான் என் வாயால சொல்லணுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தட்டைத் தள்ளினேன். எட்டு மாதம்! எட்டு மாதமாக நான் போகலாம் போகலாம் என்று அனுப்பிய பால் எத்தனை வீட்டு அடுப்பில் ஏறியிருக்கும்? மனசு நோகக் கூடாதென்று இவர் வாயை மூடிக்கொண்டாராம். என் மேல் வைத்த பாசம் என் பிழைப்புக்கே உலை வைத்துவிட்டது என்று கத்தினேன். கத்துவதற்கும் குரல் வரவில்லை. கட்டைக் குரலில் ஏதோ உறுமினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் டாக்டரிடம் அவரும் கூட வந்தார். வரவேண்டாம் என்று சொல்லவும் எனக்கு அலுப்பு. டாக்டரம்மா வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தார். விட்டீர்களா, விடவில்லை. சாப்பிட்டீர்களா, சாப்பிடவில்லை. மாத்திரையை நூற்று ஐம்பதாக ஆக்கப் பேனாவை எடுத்துவிட்டார். அப்போது என் வீட்டுக்காரர் குறுக்கே பேசினார்.

"டாக்டர், இவளுக்கு ருசி சுத்தமாத் தெரியல. அதான் பயமா இருக்கு. வேலையே அதுதானே."

"வேலை என்ன?"

"பால் ருசி பாக்கற வேலை. கம்பெனியில இருந்து போற பால் எல்லாம் இவ நாக்கு வழியாத்தான் போகும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை மணிக்கும்மா ருசி பாப்பீங்க?"

"அஞ்சரைக்கு ஆரம்பிப்பேன்."

"மாத்திரை அஞ்சு மணிக்கு. வாயில வச்சுட்டுத் துப்பிடுவீங்கல்ல?"

"நான் துப்ப மாட்டேன் டாக்டர்" என்றேன். பழக்க தோஷத்தில் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை மிடறு?"

"நாற்பது."

டாக்டரம்மா என் பழைய சீட்டைப் புரட்டினார். "பத்து மணி வரைக்கும் பச்சைத் தண்ணின்னு சொன்னீங்களேம்மா."

"சாப்பிடறதுன்னா சாப்பிடறது டாக்டர். இது வேலை."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் யாரும் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாற்பது கப் முடித்துவிட்டு "இன்னும் ஒண்ணும் சாப்பிடல, பசி உயிர் போகுது" என்று சொல்லித்தான் டப்பாவைத் திறப்போம். சின்னச் சின்ன மிடறுதான். ஆனால் நாற்பதையும் சேர்த்து ஊற்றினால் அரை லிட்டருக்கு மேல் வரும் என்று டாக்டரம்மா கணக்குப் போட்டுக் காட்டினார்.

பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாதாம். இரண்டு வருடமாக மாத்திரையின் பெரும்பகுதி உள்ளே போய் வெறுமனே வெளியே போயிருக்கிறது. சுரப்பு குறைந்தால் சிலருக்கு நாக்கும் மூக்கும் மரத்துப்போகுமாம். நாக்கு மரக்க மரக்க, நான் இன்னும் பெரிய மிடறாக விழுங்கியிருக்கிறேன். என் கெட்டிக்காரத்தனமே எனக்குக் குழி பறித்திருக்கிறது.

இனி மாத்திரை படுக்கும் முன்னால் என்றார். சாயங்காலச் சாப்பாட்டை ஆறு மணிக்குள் முடித்துவிட வேண்டும், மூன்று மணி நேரம் கழித்து ஒன்பதுக்குத் தண்ணீரோடு மாத்திரை. இப்போது அது முழுசாக உள்ளே போகும் என்பதால் அளவை நூறாகக் குறைத்தார். நெஞ்சு படபடத்தால் உடனே வரச் சொன்னார். ஆறு வாரம் கழித்து ரத்தம்.

"முட்டைக்கோஸ்?" என்று கேட்டேன்.

"வேகவச்சு, எல்லாரும் சாப்பிடற அளவு தாராளமா சாப்பிடுங்க. கோதுமையும் சாப்பிடுங்க. யாரு நிறுத்தச் சொன்னது?"

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். தங்கச்சியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாக்கு திரும்ப வருமா டாக்டர்?"

"பெரும்பாலும் வரும். தேதி கேட்டா என்னால சொல்ல முடியாதும்மா."

வெள்ளிக்கிழமைக்குத் தேதி இருந்தது. வியாழக்கிழமை லேப் கெமிஸ்ட் என்னைக் கழுவுமிடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். என் வயசுக்காரி, பதினைந்து வருடப் பழக்கம். நாளைக்குக் கப் ஊற்றப்போவது அவள்தான்.

"கெட்டது மூணு. மூணையும் தட்டுல வலது ஓரமா வைக்கறேன். குடிச்சுட்டு ரெண்டு தடவ மூச்சு விட்டு நடிச்சுடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"நீ மாட்டினா?"

"நான் மாட்டறதெல்லாம் அப்புறம். நீ பெட்டி கழுவற இடத்துக்குப் போனா ஒரு வாரம் தாங்க மாட்ட. ஈரத்துல நின்னே செத்துருவ."

அது உண்மை. ஸ்வெட்டர் போட்டும் நடுங்குகிறவள் நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பது எப்படி? அன்று வண்டியில் வரும்போது முழுக்க வலது ஓரத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவ்வளவு களைத்துப்போயிருந்தேன்.

வெள்ளிக்கிழமை எட்டு கப் வந்தது. மேனேஜரோடு மேலிடத்து ஆள் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். வலது ஓரத்தில் மூன்று கப் தனியாகக் கொஞ்சம் தள்ளி இருந்தன. முதல் கப்பை எடுத்துக் குடித்தேன். வெந்நீர். இரண்டாவது, வெந்நீர். கெமிஸ்ட் என் முகத்தைப் பார்க்காமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள், பேனா மட்டும் நகரவில்லை.

இன்றைக்கு இங்கே தப்பித்துவிடலாம். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு எனக்கு வலது ஓரத்தில் எடுத்து வைத்துக்கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். நாற்பது தொட்டிக்கும் நான் குத்துமதிப்பாகப் போகலாம் சொல்ல வேண்டும். அதை அன்றைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் செய்ய வேண்டும். அந்த நடிப்பை நினைத்தபோதே எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

"தெரியல" என்றேன்.

"அவசரமில்லக்கா. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சா நாக்குல வந்துருமா சார்? எனக்கு எதுவுமே தெரியல. எட்டு மாசமாவே தெரியல."

கெமிஸ்ட் பேனாவை மூடினாள். மாத்திரை விஷயத்தை நான் சுருக்கமாகச் சொன்னேன். மேலிடத்து ஆள் பாதியிலேயே போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மேனேஜர் மட்டும் கடைசிவரை கேட்டார். "மூணு மாசத்துக்கு உங்க இடத்த யாருக்கும் நிரந்தரமாக் குடுக்காம பாத்துக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்லக்கா" என்றார்.

பெட்டி கழுவும் பகுதி கம்பெனிக்குப் பின்பக்கம். கடைகளிலிருந்து திரும்பும் பெட்டிகளில் உடைந்த பாக்கெட்டின் பால் ஊறிப் புளித்துக் காய்ந்திருக்கும். அங்கே ரப்பர் குழாய் பிடித்துத் தண்ணீர் அடிக்கிறவளைக் 'குழாயக்கா' என்பார்கள். முதல் நாளே அவள் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள்.

"புதுசா வர்றவங்க எல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவாங்க. உனக்கு நாறலையா?"

"இல்ல."

"குடுத்து வச்சவ" என்றாள்.

இரண்டு ஸ்வெட்டர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஆறு மணிக்குச் சாப்பாடு, ஒன்பது மணிக்கு மாத்திரை. அவர் தட்டை வைத்துவிட்டு எப்படி இருக்கு என்று கேட்பதை நிறுத்திவிட்டார். நான் அவரோடு சரியாகப் பேசுவதில்லை. ஆறாவது வாரம் ரத்தம் கொடுத்தேன். எண் ஐந்துக்கு வந்திருந்தது. டாக்டரம்மா சிரித்தார். படியில் மூச்சு வாங்குவது குறைந்திருந்தது. ஒரு ஸ்வெட்டரைக் கழற்றியிருந்தேன். நாக்கு மட்டும் அப்படியே கிடந்தது. ஒன்பதாவது வாரமும் போனது. என் மேஜையில் தற்சமயத்துக்கு உட்கார்ந்திருந்த கெமிஸ்ட், மதியத்தில் என்னைப் பார்த்தால் எப்படி இருக்கு என்று கண்ணால் கேட்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன். பத்தாவது வாரம் அவளும் கேட்பதை விட்டாள். சரி, இனி இவ்வளவுதான் என்று நானும் மனதைத் தயார் பண்ணிக்கொண்டேன்.

பதினோராவது வாரம் புதன்கிழமை. வெயில் ஏறியிருந்தது. லாரியிலிருந்து இறக்கிய பெட்டியைத் தூக்கி இடுப்பில் சாய்த்தேன். என்னவோ மூக்கில் அறைந்தது. பெட்டியைப் போட்டுவிட்டேன். மறுபடி குனிந்து முகர்ந்தேன். புளித்த பால், ஈரப் பிளாஸ்டிக், அதற்கடியில் ஒரு அழுகல். ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தது. சுவரோரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

குழாயக்கா தண்ணீரை நிறுத்திவிட்டு ஓடிவந்து முதுகைத் தடவினாள். "என்னடி ஆச்சு? உடம்பு முடியலையா? யாரையாவது கூப்பிடவா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, சிரிப்பும் வந்தது. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நாறுதுக்கா" என்றேன். "ஐயோ, எப்படி நாறுது!"